ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்: ஆய்வுக்கூடம் எப்பொழுது, எதைக் கூறும்?

ஐப்பசி முதல் தை வரையில் நமது கிராமங்களில் காய்ச்சல் மிகுதியாகக் காணப்படுவது யாவரும் அறிந்ததே. மழை பெய்து புல்லும் புதரும் மண்டுங்காலத்தில், கொசுவினால் வருவது, குடிநீரினால் வருவது, எலியின் சிறுநீர் கலந்த சேற்றினால் வருவது எனக் காய்ச்சல்கள் பலவாக வந்து சேருகின்றன. அவற்றுள் ஒன்று பெயர் தெரியாமலே நெடுங்காலம் நம்மிடையே உலவி வந்தது. அதுவே ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்று நாளிதழ்கள் எழுதுவது பெரும்பாலும் இதனையே ஆகும்.

மருத்துவரல்லாத ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் இந்நோயின் பரிசோதனையைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்நோயைக் கண்டறிவதில் ஆய்வுக்கூடத்தின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு பங்கு கிராமத்திற்கும் உண்டு. காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்று சொல்ல வேண்டியவர் நோயாளியின் வீட்டார். அவரை உரிய காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் அண்டை அயலாரும் கிராம ஊழியர்களும் ஆவர். பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அதன் பொருள் விளங்காமல் வீடு திரும்புபவரும் நம் கிராமத்தவரே. ஆகவே, ஊராட்சிப் பணியாளர், மகளிர் குழுவினர், பள்ளி ஆசிரியர், சுகாதாரத் தன்னார்வலர் ஆகிய அனைவரும் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு இப்பரிசோதனைகளை இங்கே எளிய முறையில் விளக்க முற்படுகிறேன்.

நோயும் அது வரும் வழியும்

இந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்று பெயர். சுட்சுகாமுஷி என்பது ஜப்பானியச் சொல். தீங்கு செய்யும் பூச்சி என்பது அதன் பொருள். ஜப்பான் நாட்டில் நீகாட்டா, அகிட்டா முதலான பகுதிகளின் ஆற்றங்கரை உழவர்கள் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ரிக்கெட்சியா என்னும் வகுப்பில் முன்பு சேர்க்கப்பட்டிருந்த இக்கிருமி, 1995-ஆம் ஆண்டில் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு இப்பெயரைப் பெற்றது.

கிருமியைச் சுமந்து வருவது ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம் பருவமான புழுவாகும். மாட்டின் மேலும் நாயின் மேலும் நாம் காணும் பெரிய உண்ணி வேறு, இது வேறு. இதன் உருவம் ஒரு மில்லி மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. கண்ணுக்கு எளிதில் புலப்படாது. புல்லின் நுனியில் காத்திருந்து, எலி, மூஞ்சூறு முதலிய சிறு விலங்குகளின் மேல் தொற்றிக்கொண்டு உணவு கொள்வது இதன் இயல்பு. வழியில் மனிதர் அகப்பட்டால் அவர்மேலும் தொற்றும். கிருமியானது தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது. ஆதலால் ஓரிடத்தில் இது வேரூன்றிவிட்டால் ஆண்டுதோறும் அங்கேயே நோய் தோன்றக்கூடும். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றாது. எனவே நோயாளியைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டுவதில்லை.

கடி பட்ட 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கடுந் தலைவலி, உடல்வலி, இருமல், வாந்தி ஆகியவை உடன் வரலாம். கவனியாது விட்டால் இரண்டாம் வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், ஈரல், மூளை ஆகிய உறுப்புகள் தாக்கப்படும். மருந்து பெறாத நோயாளிகளைப் பற்றி வெவ்வேறு நாடுகளில் எழுதப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், 100 பேரில் நடுத்தரமாக 6 பேர் இறந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். சில இடங்களில் இத்தொகை இதனினும் பன்மடங்கு மிகுதி. தக்க மருந்தோ விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. இவ்வளவு எளிய மருந்திருந்தும் உயிர் போவது, நோய் இன்னதென்று காலத்தில் அறியப்படாமையாலேயே.

தமிழ்நாட்டில் இந்நோய் அரிதன்று. ஏறத்தாழ 32,000 பேர் வாழும் 37 தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தொடர்ந்து கவனித்து நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2025-ஆம் ஆண்டில் வெளியாயின. காய்ச்சலாக வெளிப்படுவோரைக் காட்டிலும், கிருமி உட்புகுந்தும் நோய்க்குறி ஏதும் காணாதோர் மிகப் பலர் என்று அந்த ஆய்வு காட்டியது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பரிசோதனையின் விடையைப் படிக்கையில் இது பெரிதும் பயன்படும்.

கண்ணால் காணும் சான்று

ஆய்வுக்கூடத்திற்குப் போகுமுன் உடம்பிலேயே ஒரு சான்று இருக்கக்கூடும். சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமும் கொண்ட புண்ணாக மாறும். சிகரெட்டால் சுட்டது போல் இருக்கும் என்று மருத்துவர்கள் கூறுவர். இதில் வலியோ அரிப்போ பெரும்பாலும் இராது. ஆகையால் நோயாளியே இதனை அறியமாட்டார். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்புறம், காதின் பின்புறம், முழங்காலின் உட்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே இது மிகுதியாகக் காணப்படும். ஈரம் மிகுந்த இடங்களில் கறுத்த பொருக்கு உண்டாகாமல், மேலோட்டமான சிறு புண்ணாக மட்டும் இருப்பதும் உண்டு.

எல்லா நோயாளிகளுக்கும் இப்பொருக்கு காணப்படுவதில்லை. சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கும், வேறு சிலவற்றில் அதனினும் குறைந்தோருக்குமே அது தென்பட்டது. பொருக்கு இருந்தால் சந்தேகம் மிகவும் வலுப்படும். இல்லையென்றால் நோய் இல்லையென்று முடிவு கட்டலாகாது. பெண்களைப் பொறுத்தவரை இதில் ஒரு தடை உண்டு. மறைவிடத்தில் உள்ள புண்ணைக் காட்டக் கூச்சப்பட்டுப் பலர் சொல்லாமலே இருந்துவிடுகின்றனர். செவிலியர் ஒருவர் திரை மறைவில் பொறுமையாகப் பார்த்தால் இத்தடை நீங்கும். முகாம் நடத்தும் ஊராட்சிகள் மேசை நாற்காலிக்கு ஏற்பாடு செய்யும்பொழுதே ஒரு திரைக்கும் ஏற்பாடு செய்தல் நலம்.

ஆய்வுக்கூடம் எதைத் தேடுகிறது?

டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல் ஆகியவையும் இதே அறிகுறிகளோடு வருவதால், அறிகுறி கொண்டு மட்டும் நோயைத் துணிதல் அரிது. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைதலும், ஈரலைப் பற்றிய சோதனை அளவுகள் உயர்தலும் ஸ்க்ரப் டைபஸில் உண்டு. ஆனால் அவை டெங்குவிலும் உண்டு. எனவே தனிப் பரிசோதனைகள் வேண்டப்படுகின்றன.

அப்பரிசோதனைகள் இரு வகைப்படும். ஒரு வகை, கிருமியையே தேடுவது. மற்றொரு வகை, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. திருடனைப் பிடிப்பதற்கும், திருடன் வந்து போனதற்கான அடையாளத்தைப் பிடிப்பதற்கும் உள்ள வேற்றுமை போன்றது இது. கிருமி இரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில். எதிர்ப்பொருளோ உடனே தோன்றுவதில்லை. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாளுக்குப் பின்னர் மெல்லத் தோன்றி, இரண்டாம் வாரத்தில்தான் பெரும்பாலோரிடம் நன்கு தெரியும் அளவை எட்டுகிறது. ஆகவே எந்தப் பரிசோதனை பயன் தரும் என்பது காய்ச்சலின் நாளைப் பொறுத்தது. இக்கட்டுரையின் உயிர்க்கருத்து இதுவே.

வைல்-பீலிக்ஸ் சோதனை

இவற்றுள் மிகப் பழையது வைல், பீலிக்ஸ் என்னும் இருவர் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை. டைபஸ் நோயாளிகளின் இரத்தத்தைத் தெளிய வைத்தால் மேலே நிற்கும் சீரம் என்னும் நீர், புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதை அவர்கள் கண்டனர். டைபஸ் கிருமிக்கும் புரோட்டியஸுக்கும் நோய்வழித் தொடர்பு இல்லை. எனினும் இரண்டின் மேற்பரப்பிலும் உள்ள சில பொருள்கள் ஒத்திருப்பதால், ஒன்றுக்காக உண்டான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றுகிறது. பின்னர் 1920-களில் மலேயாவில் பணியாற்றிய ஆய்வாளர்கள், தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் வேலை செய்தோருக்கு வந்த டைபஸ், புரோட்டியஸின் ஓ.எக்ஸ்.கே. என்னும் வகையை மட்டும் திரளச் செய்வதைக் கண்டனர். அதில் உள்ள கே என்பது கிங்ஸ்பரி என்பவரின் பெயரின் முதலெழுத்து.

செய்முறை எளிது. வரிசையாக வைத்த கண்ணாடிக் குழாய்களில் சீரத்தை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் புரோட்டியஸ் கலவையைச் சேர்த்து, இளஞ்சூட்டில் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் நோக்குவர். எந்த அளவு நீர்த்த குழாய் வரையில் திரளல் தெரிகிறதோ அதுவே விடை. சீட்டில் 1:80 என்று எழுதியிருந்தால், ஒரு பங்கு சீரம் 80 பங்காக நீர்த்த பின்னும் திரளச் செய்யும் ஆற்றல் பெற்றிருந்தது என்று பொருள். நம் நாட்டில் 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு நோய்க்குச் சார்பான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

செலவு குறைவு, கருவி வேண்டாமை ஆகியவை இதன் சிறப்பு. ஆயினும், நோயுள்ளவர்களில் பலரை இது தவறவிட்டுவிடுகிறது. சிறுநீர்ப் பாதையில் புரோட்டியஸ் கிருமி தங்கியிருப்போர்க்கும், வேறு சில காய்ச்சல்களிலும் பொய்யாகவும் திரளக்கூடும். வேறு வசதி இல்லாத இடத்தில் மட்டும் இதனை ஓரளவு நம்பலாம்.

எலிசா முறை

இன்று அரசு ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்நோய்க்குப் பெரிதும் கையாளப்படுவது ஐ.ஜி.எம். எலிசா என்னும் முறையே. ஐ.ஜி.எம். என்பது தொற்று ஏற்பட்டவுடன் உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள் வகை.

96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று இதற்கு வேண்டும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரியன்ஷியாவின் மேலுறையைச் சேர்ந்த புரதம் பூசப்பட்டிருக்கும். நீர்த்த சீரத்தைக் குழியில் இட்டு 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைப்பர். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பின்பு குழியைப் பலமுறை கழுவினாலும் பற்றியது போகாது. அடுத்து, ஐ.ஜி.எம். பொருளை மட்டும் பற்றக்கூடியதும் ஒரு நொதியைச் சுமந்திருப்பதுமான மற்றொரு பொருளை இட்டு மறுபடி கழுவுவர். இறுதியில் நிறமற்ற ஒரு திரவத்தைச் சேர்த்தால், நொதி தங்கியுள்ள குழியில் மட்டும் நிறம் தோன்றும். எதிர்ப்பொருள் மிகுந்தால் நிறமும் மிகும். அந்நிறத்தின் அடர்த்தியை ஒரு கருவி அளந்து எண்ணாகக் கொடுக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல், அவ்வெண் 0.5-க்கு மேற்பட்டால் நோய்க்குச் சார்பாகக் கொள்ளலாம் என்கிறது. ஆயினும் ஒவ்வொரு வட்டாரத்திலும் நலமுள்ளோரின் இரத்தத்தில் இயல்பாக உள்ள அளவை அறிந்து எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. காரணத்தை முன்னரே கண்டோம். நோய்க்குறி இன்றியே கிருமி உட்புகுந்தோர் நம் கிராமங்களில் பலர். ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பல மாதங்கள் இரத்தத்தில் நீடிக்கக்கூடும். சென்ற ஆண்டு வந்துபோன தொற்றின் அடையாளம் இவ்வாண்டின் டெங்குக் காய்ச்சலின்போது தெரிந்தால், சீட்டு ஒன்று சொல்லும்; நோய் வேறொன்றாக இருக்கும். ஆகவே எண்ணையும் நோயாளியையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

தட்டு முழுவதையும் ஒருங்கே பயன்படுத்துவதே சிக்கனம் ஆதலின், போதிய மாதிரிகள் சேரும் வரையில் சில ஆய்வுக்கூடங்கள் காத்திருப்பதும் உண்டு. விடை வரச் சில நாட்கள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரைவுச் சோதனை அட்டை

கருப்பச் சோதனைக்குப் பயன்படும் அட்டையைப் போன்றே இதற்கும் அட்டைகள் வந்துள்ளன. ஒரு துளி சீரத்தையோ இரத்தத்தையோ இட்டால் அது அட்டையின் மேல் ஊர்ந்து சென்று, எதிர்ப்பொருள் இருக்குமிடத்து ஒரு கோடாகத் தெரியும். கால் மணி நேரத்திற்கு முன்பின்னாக விடை கிடைத்துவிடும். அட்டை சரியாக வேலை செய்தது என்பதற்கு அடையாளமாக மற்றொரு கோடும் அதில் உண்டு. அக்கோடு தோன்றாவிடில் சோதனையே செல்லாது. மின்சாரமும் கருவியும் இல்லாத இடத்தில் இது பெருந்துணை. ஆனால் இதுவும் எதிர்ப்பொருளையே தேடுவதால், முதல் சில நாட்களில் வெறுமையாகவே காட்டக்கூடும்.

ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனை

எதிர்ப்பொருள் சோதனைகளுள் மற்றவற்றை உரசிப்பார்க்கும் உரைகல்லாக விளங்குவது 1963-ஆம் ஆண்டில் இந்நோய்க்கு அறிமுகமான ஒளிரும் எதிர்ப்பொருள் முறையாகும். கண்ணாடித் தகட்டில் கிருமியைப் பதித்து, அதன்மேல் சீரத்தை இட்டு, பின்பு ஒளிரும் சாயம் ஏற்றிய பொருளைச் சேர்த்து, தனி வகை நுண்ணோக்கியில் பார்த்தால், எதிர்ப்பொருள் பற்றிய கிருமிகள் பச்சையாக ஒளிரும்.

இதன் முழுப்பயன் இரண்டு முறை இரத்தம் எடுப்பதில் இருக்கிறது. நோய் கண்ட தொடக்கத்தில் ஒரு முறையும், ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் எடுத்து, இரண்டையும் ஒருங்கே சோதிப்பர். முதலில் 1:64 ஆக இருந்தது பின்னர் 1:256 ஆக, அதாவது நான்கு மடங்காக உயர்ந்தால், இப்பொழுதைய காய்ச்சல் இக்கிருமியினால் வந்ததே என்று உறுதிப்படும். பழைய தொற்றின் எதிர்ப்பொருள் இவ்வாறு திடீரென உயர்வதில்லை. விலையுயர்ந்த நுண்ணோக்கியும் தேர்ந்த கண்ணும் வேண்டியிருப்பதால், பெரிய ஆராய்ச்சி நிலையங்களிலேயே இது நடைபெறுகிறது. அன்றியும், விடை வருவதற்குள் நோயாளி பிழைத்திருப்பார், அல்லது இறந்திருப்பார். நோயின் பரவலை அறியவும் பிற சோதனைகளின் தரத்தை மதிப்பிடவும் இது பெரிதும் உதவுகிறது.

கிருமியையே தேடும் முறைகள்

பி.சி.ஆர். என்னும் பெயர் கொரோனாக் காலத்தில் நம் கிராமங்களுக்கும் பழக்கமாயிற்று. கிருமியின் மரபுப் பொருளில் ஒரு சிறு பகுதியைப் பல கோடி மடங்காகப் பெருக்கி இனங்காண்பது இம்முறை. ஸ்க்ரப் டைபஸில் இதற்கு மிகச் சிறந்த மாதிரி, முன் கூறிய கறுத்த பொருக்கேயாகும். அதில் கிருமி நிறைந்திருக்கும். மருந்து தொடங்கிய பின்னும் சில நாட்கள் அடையாளம் நீடிக்கக்கூடும். பொருக்கு இல்லையெனில், உறையாதபடி வைத்த இரத்தத்தை முதல் வாரத்தில் எடுத்துச் சோதிக்கலாம். எதிர்ப்பொருள் தோன்றாத முதல் நாட்களில் பயன் தருவது இம்முறையே. நாட்கள் கடந்தாலும், மருந்து தொடங்கினாலும், இரத்தத்தில் கிருமி குறைவதால் இதன் பயனும் குறையும்.

கிருமியை வளர்த்துக் காண்பது மற்றொன்று. இக்கிருமி உயிரணுவின் உள்ளேயே வாழ்வதாகையால், வெறும் ஊட்டக் கூழில் வளராது. சுண்டெலியின் உடலிலோ, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களிலோதான் இதை வளர்க்க முடியும். அதற்கு வாரக்கணக்கில் காலமும், உயர்ந்த பாதுகாப்பு ஏற்பாடும் தேவை. சாதாரண இரத்த வளர்ப்புச் சோதனையில் கிருமி இல்லையென்று வருவது இந்நோயை மறுப்பதாகாது என்பதையும் இதனால் உணரலாம்.

"ஒன்றும் இல்லை" என்ற சீட்டு

ஒரு கிராமத்தில் நடந்த காய்ச்சல் முகாமின்போது வயது முதிர்ந்த தாயார் ஒருவர் செவிலியரிடம் வந்து, "நர்சம்மா, சீட்டில் ஒன்றும் இல்லையென்று எழுதிவிட்டார்கள். பிறகு எதற்கு என் மகனை மறுபடியும் இரத்தம் கொடுக்கக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். செவிலியர் அளித்த விடை நயமானது. "பாட்டி, விதைத்த மறுநாளே வயலைப் பார்த்து முளை இல்லையென்று சொன்னால், விதை இல்லையென்று ஆகிவிடுமா? உங்கள் மகனுக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளிலே இரத்தம் எடுத்தார்கள். இப்பொழுது ஒன்பதாம் நாள். காய்ச்சலும் விடவில்லை. மறுபடி பார்க்க வேண்டாமா?" என்றார். தாயார் உடன்பட்டார். இரண்டாம் முறை நோய் தெரிந்தது. மருந்தும் முன்னரே தொடங்கப்பட்டிருந்தமையால் அந்த இளைஞர் நலம் பெற்றார்.

இந்த விடையில் முழுப்பாடமும் அடங்கியிருக்கிறது. மூன்றாம் நாளில் எலிசாவோ அட்டையோ வெறுமை காட்டினால், எதிர்ப்பொருள் இன்னும் தோன்றவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்நாளில் பொருக்கைத் தேடுவதும், வசதியிருந்தால் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவதும் தக்கன. ஏழு முதல் பத்தாம் நாட்களில் எலிசா நன்கு பேசும். அதற்கு முன் எடுத்தது வெறுமையாயிருந்து காய்ச்சல் நீடித்தால், மறுமுறை எடுத்தல் வேண்டும். இத்தனைக்கும் அடிப்படை, காய்ச்சல் தொடங்கிய நாள் சரியாகத் தெரிந்திருப்பதே. "நாலைந்து நாளாக" என்று சொல்வதைக் காட்டிலும், "சென்ற சந்தை நாளன்று மாலையில் தொடங்கியது" என்று சொன்னால் ஆய்வுக்கூடத்திற்குப் பேருதவி.

மாதிரியை எடுத்தலும் அனுப்புதலும்

மிகச் சிறந்த கருவியும் கெட்டுப்போன மாதிரியிலிருந்து உண்மையைக் கூறாது. எதிர்ப்பொருள் சோதனைக்கு இரத்தத்தை வெறுங்குழாயில் எடுத்து, உறைய விட்டு, சீரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பி.சி.ஆர். சோதனைக்கு இரத்தம் உறையாதபடி மருந்திட்ட குழாயில் எடுக்க வேண்டும். பொருக்கைச் சுத்தமான இடுக்கியால் மெல்ல எடுத்துக் கிருமி நீக்கிய குப்பியில் இடுவர். இவை யாவும் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டியவை. வீட்டில் பொருக்கை உரித்தெடுக்க எவரும் முயலலாகாது.

பிரித்த சீரத்தை 2 முதல் 8 டிகிரி குளிரில், பனிக்கட்டிப் பைகளோடு பெட்டியில் வைத்து அனுப்புவது முறை. பிரிக்காத இரத்தத்தை உறைபனியில் வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி கெடும். குழாயின் மேல் பெயர், வயது, இரத்தம் எடுத்த நாள் ஆகியவற்றோடு, காய்ச்சல் தொடங்கிய நாளும் உடன் செல்லும் படிவத்தில் இடம்பெற வேண்டும். படிவத்தில் இந்த ஓர் இடம் வெற்றாக விடப்பட்டால், விடையைப் படிப்பவர் திசை தெரியாது நிற்க நேரிடும்.

மருந்து காத்திருக்கலாகாது

பரிசோதனையின் பெருமையை இவ்வளவு கூறிய பின், அதன் எல்லையையும் கூறுதல் கடமையாகும். ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவர் ஐயுற்றால், ஆய்வுக்கூடத்தின் விடைக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே நம் நாட்டின் வழிகாட்டுதல். டாக்சிசைக்ளின் முதன்மையான மருந்து. கருவுற்ற தாய்மார்க்கு அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். 1948-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் இந்நோயை வெல்லும் என்று கண்டறியப்படும் வரையில் இதற்கு மருந்தே இல்லாதிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அசாம், பர்மா எல்லைக் காடுகளில் போரிட்ட படையினர் பலர் இந்நோய்க்கு இரையாயினர். அத்தகைய நிலை இன்று இல்லை. மருந்து தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் பெரும்பாலோர்க்குக் காய்ச்சல் தணிந்துவிடும்.

பெனிசிலின் வகை மருந்துகள் இந்நோய்க்குப் பயன் தருவதில்லை. கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரையை நான்கு நாட்கள் விழுங்கிவிட்டு, மூச்சுத் திணறும் நிலையில் மருத்துவமனைக்கு ஓடுவது பெருந்தீங்கு. எம்மருந்தும் மருத்துவரின் சொற்படியே உட்கொள்ள வேண்டும். குறித்த நாட்கள் வரையில் முழுமையாக உட்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறல், தெளிவற்ற பேச்சு, சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் எது தோன்றினும் 108 ஊர்தியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிராமம் செய்யத்தக்கவை

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆதலால் காப்பதும் காலத்தில் கண்டறிவதுமே வழி. வீட்டைச் சுற்றியும், பள்ளி, அங்கன்வாடி, கிணற்றடி ஆகிய இடங்களிலும் மண்டிய புல்லையும் புதரையும் ஊராட்சி அகற்ற வேண்டும். எலிகள் அடையும் குப்பைமேடுகளும் விறகுக் குவியல்களும் வாசலருகே இருத்தலாகாது. புல்லறுப்போரும் ஆடு மேய்ப்போரும் கை கால்களை மூடும் உடை அணிதல் நன்று. வெறுந்தரையிலும் புல்லிலும் படுப்பதையும், துணிகளைப் புதர்மேல் உலர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுதல் வேண்டும்.

இவற்றோடு, செலவில்லாத ஒரு காரியத்தைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். ஐப்பசி பிறந்ததும், ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டியின் அருகே ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், அந்நாளின் மேல் ஒரு வட்டமிட்டு அவர் பெயரை எழுதட்டும். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் நின்றபாடில்லையெனில், அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இதனைச் செய்யலாம். மகளிர் குழுவினர் தத்தம் தெருவில் இதனை நினைவூட்டலாம். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விக்கு அந்த வட்டம் விடை தரும்; எந்தச் சோதனை செய்வது, வந்த சீட்டை எவ்வாறு படிப்பது என்பவற்றையெல்லாம் அவர் அதிலிருந்தே தொடங்குவார்.